உங்களுக்குத் தெரியுமா? பழம், காய்க்கும் கலோரிக் கணக்கு உண்டா?

அமெரிக்காவின் எடைக்குறைப்பு நிறுவனமான ‘வெயிட் வாட்சர்ஸ்’, 2010இல் உணவுகளுக்குப் புள்ளி தரும் தன் கணக்கை மாற்றியபோது பெரும்பாலான பழங்களுக்குப் பூஜ்ஜியப் புள்ளி தந்தது. அவற்றில் கலோரி இல்லாமல் இல்லை. நீரும் நார்ச்சத்தும் சீக்கிரம் வயிற்றை நிரப்பிவிடும் என்பதே காரணம்.

100 கிராமில் (சுமார்)
• வெள்ளரிக்காய்: 15 கலோரி
• மாம்பழம்: 60
• உருளைக்கிழங்கு: 77
• வாழைப்பழம்: 89
• பலாச்சுளை: 95
• அவகாடோ: 160

கீரை, சுரை, வெள்ளரியைக் கணக்குப் பார்க்காமல் சாப்பிடலாம். வாழை, பலா, கிழங்கு வகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். உலர்பழத்தைக் கணக்கில் விட்டுவிடவே கூடாது: 100 கிராம் திராட்சையில் சுமார் 69 கலோரி; உலர்திராட்சையில் 300! பொரியலில் ஊற்றும் எண்ணெயையும் மறக்காதீர்கள். ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 120 கலோரி. கலோரிக்குப் பயந்து மட்டும் பழத்தை ஒதுக்காதீர்கள்; தினமும் 400 கிராம் காய், பழம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.