பிழைக்க இயலாத சிசு: மருத்துவமும் சட்டமும் அறமும்

மைசூரு நகரில் மைசூரு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து இயங்கும் செலுவாம்பா மருத்துவமனைக்கு, மண்டியா, சாமராஜநகர் முதலிய மாவட்டங்களிலிருந்தும் பெண்கள் பிரசவத்திற்கு வருகின்றனர். இத்தகைய பெரிய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலானவை நலமாக வீடு திரும்புகின்றன. ஒரு சிலவற்றின் நிலையோ எச்சிகிச்சையாலும் மாற்ற முடியாததாக உள்ளது. அந்நிலையில் எது செய்யத்தக்கது, எது செய்யத்தகாதது, முடிவு செய்வோர் யார் என்னும் வினாக்கள் எழுகின்றன. கிராமங்களில் தாய்மார்களுடன் பழகும் ஊழியர்களும் ஆசிரியர்களும் இவற்றின் விடையை அறிந்திருத்தல் அவசியம்.

எவ்வகைக் குறைகள்?

கருவுற்ற ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் மூடிக்கொள்கிறது. அதன் மேல்முனை மூடாவிடில் மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் அமைவதில்லை. அவ்வாறு பிறக்கும் சிசு பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இறந்துவிடுகிறது. அளவு மீறிய குறைமாதத்தில் பிறந்து, நுரையீரல் முதிராத சிசுக்களுள் சிலவும் எவ்வளவு முயன்றும் பிழைப்பதில்லை.

பிளந்த உதடு, வளைந்த பாதம், இதயக் குறைகளுள் பல ஆகியவை இவ்வகையில் சேர்வன அல்ல. அவை சிகிச்சையால் சீர்படுவன. செவிப்புலன் குறைந்த குழந்தையும் அவ்வாறே. 1960-களில் மைசூருவில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இத்தகைய குழந்தைகளை இளமையிலேயே கண்டறிந்து பயிற்சி அளித்து வருகிறது. ஊனம் வேறு, பிழைக்க இயலாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இத்துறையில் நேரும் பெருந்தவறாகும்.

பிறப்பதற்கு முன்

1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 20 வாரமே எல்லையாக இருந்தது. கருவின் உறுப்புகளை ஆராயும் ஸ்கேன் சோதனையோ 18 முதல் 20 வாரத்தில்தான் செய்யப்படுகிறது. எனவே குறையை அறியும்போதே காலம் கடந்துவிடும் நிலை இருந்தது. 2008-இல் கருவின் இதயக் குறையைக் காரணம் காட்டி, எல்லை கடந்த பின் அனுமதி கோரிய மனுவை மும்பை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அவ்வழக்கு நாடெங்கும் விவாதத்தை எழுப்பியது.

2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் போதுமானவை. கருவில் கடுமையான குறை உண்டென மருத்துவக் குழு தீர்மானித்தால் வார எல்லை இல்லை. மகப்பேறு நிபுணர், குழந்தை நல நிபுணர், ஸ்கேன் நிபுணர் முதலியோர் அடங்கிய அக்குழு, விண்ணப்பம் கிடைத்த 3 நாட்களுக்குள் கருத்துரைக்க வேண்டும். வயதுவந்த பெண்ணின் சம்மதமே போதுமானது. கணவரின் சம்மதத்தைச் சட்டம் கோரவில்லை.

இவ்விதிவிலக்கின் எல்லையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 26 வாரம் கடந்த கர்ப்பத்தைக் கலைக்கக் கோரிய வழக்கில், கருவில் குறை இல்லை எனவும் தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை எனவும் கண்டு அனுமதி மறுத்தது. பெண் சிசுவைத் தவிர்க்கும் நோக்கத்துடன் கருவின் பாலை அறிவது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2023 இறுதியில் மைசூரு, மண்டியாப் பகுதிகளில் இக்குற்றம் நடைபெற்றது குறித்துக் காவல்துறை பலரைக் கைது செய்தது. குறையறியும் சோதனையை இத்தீமையினின்று பிரித்துக் காத்தல் அனைவரின் பொறுப்பாகும்.

பிறந்த பின்

பயனற்ற சிகிச்சையை நிறுத்துதல் வேறு. ஊசியிட்டோ வேறு வகையிலோ உயிரைப் போக்குதல் வேறு. முன்னதில் நோயே மரணத்திற்குக் காரணம். பின்னதில் மனிதச் செயலே காரணம். நெதர்லாந்து நாட்டில் 2004-இல் வகுக்கப்பட்ட குரோனிங்கன் நெறிமுறை, மீட்சியற்ற வேதனையுறும் சிசுக்கள் விஷயத்தில் பின்னதற்கும் கடும் நிபந்தனைகளுடன் இடமளித்தது. இந்தியச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

முன்னதை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் அதற்கான ஆணை பிறப்பித்தது. அதன்படி முதல்நிலைக் குழு ஆராய்ந்தபின் இரண்டாம் குழுவும் உடன்பட வேண்டும். நெருங்கிய உறவினரின் சம்மதமும் தேவை. இந்நெறி சிசுக்களுக்கென்றே வகுக்கப்பட்டதன்று. எனினும் தானே பேச இயலாத நோயாளி விஷயத்தில் எவரும் தனித்து முடிவு செய்யலாகாது என்னும் அதன் கருத்து, சிசுவுக்கு மிகவும் பொருந்துவதாகும்.

சிகிச்சையை நிறுத்துவது கவனிப்பை நிறுத்துவதன்று. கதகதப்பு, வலி நீக்கம், தாயின் அணைப்பு ஆகியவை இறுதிவரை தொடர வேண்டும். நிலை ஐயத்திற்கிடமாயின் சில நாள் சிகிச்சை அளித்துப் பார்த்து, மீண்டும் ஆராய்ந்து முடிவு செய்வதே முறையாகும்.

வறுமை காரணமாகலாகாது

செலவுக்கு அஞ்சி, பிழைக்கக்கூடிய குழந்தையை மருத்துவரின் யோசனைக்கு மாறாக வீட்டுக்குக் கொண்டு செல்லும் பெற்றோர் உண்டு. இது அறநெறி சார்ந்த முடிவன்று, இயலாமையின் விளைவே. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற சிசுக்களுக்குச் சிகிச்சையும் மருந்தும் போக்குவரத்தும் இலவசம். பிறவிக் குறைகளைக் கண்டறிந்து உதவுதல் 2013-இல் தோன்றிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின் பணிகளுள் ஒன்று. இவற்றைப் பெற்றோருக்கு முன்னதாகவே எடுத்துரைத்தல் வேண்டும்.

ஊழியரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை

20 வாரத்திற்குள் ஸ்கேன் சோதனை நடைபெறுமாறு பார்த்துக்கொள்ளலாம். கருவுறுவதற்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்வது மேற்கூறிய குழல் குறைகளைப் பெருமளவு தடுக்கிறது. பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச்சத்துடன் இதனையும் சேர்த்த மாத்திரை வழங்கப்படுகிறது. அம்மாத்திரையின் பயனை மாணவியருக்கு ஆசிரியர்கள் விளக்கலாம்.

சிசு இறந்த வீட்டிற்குச் செல்லும் ஊழியர், பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய உதவ வேண்டும். இறந்தே பிறந்த சிசுவையும் பதிவு செய்தல் அவசியம். தாய்க்குப் பால் கட்டி வலி உண்டாகலாம். காய்ச்சலோ இரத்தப்போக்கோ இருக்கலாம். அவற்றைக் கவனித்தல் வேண்டும். கிரகணமோ தாயின் நடத்தையோ இதற்குக் காரணமன்று என்பதை வீட்டார் அனைவரும் கேட்கும்படி சொல்வது, அத்தாய்க்குச் செய்யத்தக்க பேருதவியாகும்.