தரங்கம்பாடியின் தம்பி ஊரில் ஒரு தேவாலயம்

கங்கைக் கரைக் கட்டடங்கள் – 11

கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கட்டின மல்லிகையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் தமிழர்களில் பலருக்குச் செராம்பூர் என்பது ஒரு புறநகர் ரயில் நிலையம், அவ்வளவுதான். காளிகாட்டில் மெட்ரோ ஏறி, எஸ்பிளனேடில் மாறி, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஓடும் வண்டியில் ஹவுரா போய், அங்கே லோக்கல் பிடித்தால் ஊர் வந்துவிடும். இந்த ஊருக்கும் நம் தரங்கம்பாடிக்கும் ஒரு காலத்தில் ஒரே எஜமானர். 1755இல் இங்கே கால் ஊன்றிய டேனிஷ்காரர்கள் தங்கள் அரசர் ஐந்தாம் ஃபிரெடெரிக்கின் பெயரால் ஊரை ஃபிரெடெரிக்நகர் என்றார்கள். 1845இல் கடையைக் கட்டியபோது, தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

அவர்கள் விட்டுச் சென்றவற்றில் ஒன்று புனித ஓலாவ் தேவாலயம்.

ஆளுநர் ஓலே பீ 1800 வாக்கில் இதற்கு நன்கொடை திரட்டத் தொடங்கினார். டென்மார்க்கிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பணம் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் பாரக்பூர் மாளிகையில் இருந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபுவும் ஆயிரம் ரூபாய் கொடுத்தார். தன் தோட்டத்திலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் ஒரு கோபுரம் தெரிய வேண்டும் என்ற ஆசைதான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. 1805இல் ஓலே பீ காலமானார். அடுத்த ஆண்டு கட்டடம் முடிந்தது. இரட்டைத் தூண்கள் தாங்கும் முகமண்டபத்தின் மேல் அரசர் ஏழாம் கிறிஸ்டியானின் முத்திரை இன்றும் இருக்கிறது. மிஷனரி வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் இங்கே பிரசங்கம் செய்திருக்கிறார்கள்.

இருநூறு ஆண்டு மழை சும்மா விடுமா? கல்கத்தாப் பகுதியில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மழை ஓய்ந்த மாதங்களிலும் ஆற்றங்கரை ஈரம் சுவரை விடுவதில்லை. கடைசியில் புனித ஓலாவின் கூரை எப்போது தலையில் விழுமோ என்ற நிலைக்கு வந்தது. கதவைப் பூட்டினார்கள். வழிபாடு நின்றது.

பழைய வங்காளக் கட்டடங்களில் கூரை எப்படிச் சாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இங்கே மாடித் தளத்துக்குக் ‘கொரி-பொர்கா’ என்று பெயர். பருத்த உத்திரங்கள் கொரி. அவற்றின் குறுக்கே அடுக்கும் சிறு சட்டங்கள் பொர்கா. அதன் மேல் ஓடு பரப்பி, சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி, சுர்க்கி என்னும் செங்கல் தூள் கலந்த தளம் போடுவார்கள். வெல்லப்பாகு, வெந்தயம் எல்லாம் அதில் சேரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே நாள்கணக்கில் மரப்பலகையால் தட்டித் தட்டி அதை இறுக்குவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து மெட்ராஸ் டெரஸ் போட்ட நம்மூர்க் கொத்தனாருக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நோய் வரும் இடமும் ஒன்றுதான்: சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனை. மாடியில் தண்ணீர் தேங்கும். மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். சுவர் ஈரத்தைக் குடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த முனை உளுத்துப்போகும். நடு உத்திரம் வைரம் பாய்ந்த தேக்காக இருந்தும் பயனில்லை.

இதற்குள் காகம் எச்சமிட்ட விரிசலில் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கும். ஒரு சாண் செடியாக இருக்கும்போது பிடுங்கினால் வேலை அரை நிமிஷம். வேர் செங்கல் வரிசைக்குள் இறங்கிவிட்டால், மரத்தை எடுக்கச் சுவரைப் பிரிக்க வேண்டும்.

அடுத்த எதிரி, நல்லெண்ணத்தோடு வருகிற சிமென்ட். காரை பெயர்ந்த இடத்தில் சிமென்டைப் பூசினால் கிறிஸ்துமஸுக்குள் சுவர் பளபளக்கும், கமிட்டிக்கும் திருப்தி. ஆனால் சுண்ணாம்புச் சுவரில் கீழிருந்து ஓதம் ஏறும். ஏறிய ஈரம் காரை வழியாகவே காற்றில் போய்விடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, பூச்சுக்குப் பின்னால் உப்பு பூக்கிறது, செங்கல் முகம் பொரபொரவென்று உதிர்கிறது. சில ஆண்டுகளில் கரணைப் பிடியால் தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெற்றோசை கேட்கும். பூச்சு தனி, சுவர் தனி.

புனித ஓலாவுக்கு இந்தக் கதி நேராமல் தடுத்தது, பொறுமையாக வேலை செய்த ஒரு கூட்டணி. டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம், கல்கத்தா மறைமாவட்டம், செராம்பூர் கல்லூரி ஆகியவை கைகோத்தன. பாதுகாப்புக் கட்டடக் கலைஞர் மனீஷ் சக்ரவர்த்தி பணியை நடத்தினார். கட்டடம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்த பிறகே கூரையில் கை வைத்தார்கள். கூரை புதிதாக எழுந்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்புக் காரையே திரும்பியது. 2016 ஏப்ரலில் கதவு திறந்தது. அதே ஆண்டு, ஆசிய பசிபிக் பகுதியில் பாரம்பரியப் பாதுகாப்புக்கு யுனெஸ்கோ அளிக்கும் விருதுகளில் ஒன்று செராம்பூருக்கு வந்தது. பக்கத்திலேயே பாழடைந்து கிடந்த டேனிஷ் காலத்துச் சத்திரமும் பழுது பார்க்கப்பட்டு, 2018இல் காபிக் கடையாகத் திறந்தது.

எல்லாவற்றையும் பழையபடியே கட்டுவதுதான் சீரமைப்பு என்று நினைக்க வேண்டியதில்லை. கல்கத்தா மைதானத்தை ஒட்டிய புனித பவுல் பேராலயம் 1847இல் அர்ப்பணிக்கப்பட்டபோது அதற்கு 201 அடி உயர ஊசிக் கோபுரம் இருந்தது. 1897 நிலநடுக்கம் அதைச் சாய்த்தது. மறுபடி கட்டினார்கள், 1934 நிலநடுக்கம் அதையும் வாங்கிக்கொண்டது. மூன்றாம் முறை ஊசி வேண்டாம் என்று முடிவு செய்து, இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்துக் கோபுரத்தை மாதிரியாகக் கொண்டு சதுரக் கோபுரத்தை எழுப்பினார்கள். அது 1938இல் முடிந்தது. இன்று கல்கத்தாக்காரர்களுக்குத் தெரிந்த உருவம் அதுதான். பழையதைக் காப்பாற்றுவதில் பிடிவாதத்துக்கும் இடமுண்டு, விட்டுக்கொடுப்பதற்கும் இடமுண்டு. எதை எங்கே என்று கட்டடத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓலாவைப் போல வெளிநாட்டு அருங்காட்சியகம் தேடி வரும் அதிர்ஷ்டம் எல்லாத் தேவாலயத்துக்கும் கிடைக்காது. தஞ்சாவூர் முதல் பாளையங்கோட்டை வரை, நூறு ஆண்டு தாண்டிய சுண்ணாம்புக் கட்டடங்கள் சபைக் கமிட்டிகளின் கையில்தான் இருக்கின்றன. அந்தக் கமிட்டிகளுக்கு லட்சங்கள் கேட்காத மூன்று வேலைகள் உண்டு. மழைக்கு முன் மாடியைப் பெருக்கிக் குழாய் அடைப்பை எடுப்பது; முளைத்த கன்றை அன்றைக்கே பிடுங்குவது; பூச்சு வேலைக்குச் சிமென்ட் மூட்டை இறக்கும் முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்வது. உங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் நீங்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தில் வண்ணப்பூச்சுக்கு முன்னால் இந்த மூன்றையும் எடுத்துப் பேசுங்கள்.

(தொடரும்)