உண்ணும் உணவும் ஊரார் நம்பிக்கையும்

ஆறாம் ஆண்டு மாணவர்களை ஜார்ஜ்டவுன் நகரைக் காண அழைத்துச் சென்றிருந்தோம். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிக் கடலைக் கடந்து, லிட்டில் இந்தியாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு கடையில் பசியாற அமர்ந்தோம். சுவரில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் 'பி' என்னும் எழுத்து பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், "ஐயா, இந்தக் கடைக்கு யார் 'பி' போட்டது? இவர்களும் பரீட்சை எழுதினார்களா?" என்று வினவினான். உடனிருந்தோர் நகைத்தனர். கடைக்காரரும் நகைத்தார். ஆயினும் அவ்வினா நகைப்பிற்குரியதன்று. அன்று நாம் கூறியது பாதி விடையே. மீதியை இவ்வாண்டு மலரின் வாயிலாகப் பெற்றோருக்கும் சேர்த்துக் கூற விழைகின்றோம்.

ஆம், அதுவும் ஒரு பரீட்சைதான். பினாங்குத் தீவில் மாநகர் மன்றமும், நாம் வாழும் செபராங் பிறை பகுதியில் அதன் மாநகர் மன்றமும் உணவுக் கடைகளுக்கு உரிமம் வழங்குகின்றன. அவற்றின் அதிகாரிகள் கடைக்குள் நுழைந்து சமையற்கட்டு, கழிவுநீர்க் கால்வாய், குப்பைத் தொட்டி, பாத்திரம் கழுவுமிடம், சமைப்போரின் உடை முதலியவற்றைப் பார்த்துப் புள்ளிகள் இடுகின்றனர். அப்புள்ளிகளுக்கேற்ப ஏ, பி, சி எனத் தரம் பிரிக்கப்படுகின்றது. இஃது ஒரு வாயில். மற்றொரு வாயில் சுகாதார அமைச்சு ஆகும். உணவில் கலப்படம் உண்டா, தடை செய்யப்பட்ட இரசாயனம் உண்டா, உணவால் நோய் பரவியதா என்பனவற்றை ஆராய்வது அவ்வமைச்சின் மாநில, மாவட்ட அலுவலகங்களின் பொறுப்பு. இவ்விரு வாயில்களும் வெவ்வேறு என்பதைப் படித்தவரிலும் பலர் அறியார். எலி ஓடும் கடையைப் பற்றி ஒருவரிடமும், கெட்டுப்போன டின் உணவைப் பற்றி மற்றொருவரிடமும் முறையிட வேண்டியதை அறியாமல், ஈரிடத்தும் சொல்லாமலே இருந்துவிடுகின்றோம்.

பரீட்சையில் பெற்ற மதிப்பெண் அன்றைய தினத்திற்குரியது என்பதை மாணவர் நன்கறிவர். முதல் தவணையில் முதலாவதாக வந்தவன் இரண்டாம் தவணையில் சறுக்குவதில்லையா? சுவரிலுள்ள அட்டையும் அவ்வாறே. அதிகாரி வந்து பார்த்த நாளில் கடை எவ்வாறிருந்தது என்பதையே அது கூறும். நாம் உண்ணும் இன்றைய நாளைப் பற்றிக் கூறுவது நம் கண்ணும் மூக்குமே. நாசி கண்டாரைத் தோளில் காவடிபோல் சுமந்து விற்ற காலத்தில் அட்டை ஏது? வாங்குவோர் சட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தே வாங்கினர். அவ்வழக்கத்தை நாம் கைவிட்டிருக்கத் தேவையில்லை என்பது நமது தாழ்மையான கருத்து.

நம் நாட்டில் இவ்விஷயத்தில் சட்டத்திற்குக் குறைவில்லை. 1952ஆம் ஆண்டின் பழைய உணவு, மருந்து விற்பனைச் சட்டத்திற்குப் பதிலாக 1983இல் உணவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1985இல் அதன் விதிமுறைகள் வந்தன. எந்த உணவில் எதைக் கலக்கலாம், எதைக் கலத்தலாகாது என்று அவை வகுத்துரைத்தன. போரிக் அமிலம் கலத்தலாகாதவற்றுள் ஒன்று.

எனினும், விதிமுறைகள் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1988 அக்டோபரில், நமக்குத் தெற்கேயுள்ள பேராக் மாநிலத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். லோ ஷி ஃபன் என்பது அரிசி மாவினால் செய்யப்படும் குட்டையான, எலியின் வால் போன்ற மீ. பினாங்கில் இதனைப் பீ தாய் பாக் என்பர். அதனை உண்ட சிறுவர் சிலர் சில மணி நேரத்திற்குள் வாந்தியெடுத்தனர். வலிப்புக் கண்டது. ஈரல் செயலிழந்தது. 13 குழந்தைகள் மாண்டனர். முதலில் போரிக் அமிலத்தின் மீதே பலருடைய ஐயமும் சென்றது. மாண்ட குழந்தைகளின் உடற்கூறுகளை ஆராய்ந்த மருத்துவ அறிஞர்கள் அஃப்லாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சைக் கண்டனர். தானியமும் கடலையும் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்போது உண்டாகும் நஞ்சு இது. கொதிக்கும் நீராலும் எளிதில் அழியாது.

அப்போது நாம் இளைஞர். நம் இல்லத்தில் பல மாதங்கள் மீ வாங்கப்படவில்லை. எந்த மீ, எந்தத் தொழிற்சாலை என்றெல்லாம் எவரும் ஆராயவில்லை. மிதிவண்டியில் மீ கொண்டுவந்த சீனப் பெரியவர் தெருமுனையில் மணியடித்து நின்றுவிட்டு வெறுமனே திரும்பிப் போவார். அவர் செய்த குற்றம் யாது? நம்பிக்கை முறிந்துவிட்டால் குற்றவாளி யார், குற்றமற்றவர் யார் என்று ஊர் பார்ப்பதில்லை. சட்டப் புத்தகத்தில் விதி இருந்தது. அது தொழிற்சாலையின் மாவு மூட்டை வரை சென்று சேரவில்லை. இதுவே அன்றைய குறை.

பின்னர் 2009இல் உணவுச் சுகாதார விதிமுறைகள் வந்தன. உணவு விற்பனை இடங்கள் பதிவு செய்யப்படல் வேண்டும், உணவைக் கையாள்வோர் பயிற்சி பெறல் வேண்டும், டைபாய்டு தடுப்பூசி இட்டுக்கொள்ளல் வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. அசுத்தமான கடையைப் பதினான்கு நாட்கள் வரை மூடவைக்கும் அதிகாரம் உணவுச் சட்டத்திலேயே உண்டு. இத்தனைக்குப் பின்னரும், 2018 அக்டோபரில் அண்டை மாநிலமாகிய கெடாவின் பாலிங் வட்டாரத்தில் சால்மொனெல்லா கிருமி கலந்த லக்சாவை உண்டு இருவர் மாண்டனர். பலர் நோயுற்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்தில் ஒருவர் கெட்ட உணவால் நோயுறுகின்றனர். 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கின்றனர். ஆகவே இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று.

பினாங்கு மக்கள் இத்துறையில் ஒரு பெருமைக்குரியவர்கள். 1969இல் இங்கே தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், திரு. எஸ். எம். முகமது இட்ரிஸ் அவர்களின் தலைமையில், மீயில் போரிக் அமிலம், பண்டங்களில் சாயம் என ஒவ்வொன்றையும் சோதித்து மக்களுக்கு உரைத்தது. அவர் 2019இல் மறைந்தார். தோட்டப்புற மக்களுக்காகத் தமிழிலும் அச்சங்கம் ஏடுகள் வெளியிட்டது. நூறு ரிங்கிட் சம்பளக்காரனும் கேள்வி கேட்கலாம் என்று கற்பித்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். காலை நான்கு மணிக்கு வடித்த சோற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்காட்டிற்குச் சென்று பதினொரு மணிக்கு உண்பது நம் வழக்கம். சோற்றில் வாழும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் உலை கொதித்தாலும் மடிவதில்லை. சோறு மூடிய பாத்திரத்தில் வெதுவெதுப்பாக இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. மறுபடியும் சுடவைத்தால் கிருமி சாகும். நஞ்சு சாகாது. 'சூடு காட்டினால் சரியாகிவிடும்' என்னும் நம் தாய்மார்களின் நம்பிக்கை இவ்விடத்தில் பிழைபடுகின்றது. ஐந்து பாகைக்கு மேலும் அறுபது பாகைக்குக் கீழும் உள்ள வெப்பமே கிருமிகளுக்கு உகந்தது. சமைத்த உணவு அந்நிலையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருத்தலாகாது என்பர். தேங்காய்ப்பால் சேர்ந்த நாசி லெமாக், குழம்பு ஆகியவை இன்னும் விரைவில் கெடும்.

தோட்டத்தில் வேறோர் ஆபத்தும் உண்டு. களைக்கொல்லி மருந்து வந்த பிளாஸ்டிக் கலன்களைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கும் வீடுகளை நாம் கண்டிருக்கின்றோம். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் பிற மருந்துகளின் கலன்கள் இன்றும் கொல்லையில் கிடக்கின்றன. 2013 ஜூலை 16ஆம் நாள், இந்தியாவின் பீகார் மாநிலத்துச் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெயின் வாடை சரியில்லை என்று தாம் கூறியும் தலைமையாசிரியை சமைக்கச் சொன்னதாகச் சமையற்கார அம்மையார் பின்னர் தெரிவித்தார் எனச் செய்திகள் வந்தன. 2016இல் அத்தலைமையாசிரியைக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அச்செய்தியைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு தோட்டப் பள்ளியில் நாம் பணியாற்றியபோது, விளையாட்டுப் போட்டி நாளன்று மாணவர்களுக்கு நாசி லெமாக் பொட்டலங்கள் வழங்கினோம். லயத்தில் வாழ்ந்த ஓர் அம்மையார் விடியற்காலையில் சமைத்துக் கொடுத்தார். கணவரை இழந்தவர். அதுவே அவருடைய பிழைப்பு. பொட்டலங்கள் மேசையின் மீது வெயிலில் காத்திருந்தன. பரிசளிப்பு நீண்டுவிட்டது. பிற்பகலில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வாந்தியெடுத்தனர். தோட்டக் கிளினிக்கில் மருந்து வாங்கிக் கொடுத்து வீட்டிற்கு அனுப்பினோம். இறைவன் அருளால் எல்லாரும் இரண்டு நாளில் தேறினர். ஆனால் சுகாதார அலுவலகத்திற்கு நாம் அறிவிக்கவில்லை. பள்ளியின் பெயர் கெட்டுவிடுமே என்னும் அச்சம். ஏழை அம்மையாரைக் காட்டிக்கொடுப்பதா என்னும் தயக்கமும் இருந்தது என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

மறுநாள் மருத்துவரின் அறிவிப்பைக் கண்டு அதிகாரிகள் வந்தனர். மிஞ்சிய சோறு எங்கே என்றனர். குப்பையில் கொட்டி எரித்தாயிற்று. சம்பல் வைத்த சட்டி? கழுவியாயிற்று. சோதிப்பதற்கு ஒரு பருக்கையும் இல்லை. காரணம் கண்டறிய இயலவில்லை என்று எழுதிக்கொண்டு சென்றனர். ஆனால் ஊர் எழுதிய தீர்ப்பு வேறு. 'அவள் பழைய நெத்திலி போட்டாள்' என்றனர். 'கை சுத்தமில்லை' என்றனர். அதன்பின் அவரிடம் ஒருவரும் ஒரு பொட்டலமும் வாங்கவில்லை. சில மாதங்களில் அவர் தோட்டத்தை விட்டே போய்விட்டார். குற்றம் அவருடைய சமையலிலா, அல்லது பொட்டலங்களை வெயிலில் காக்கவைத்த நம்மிடமா? இன்றுவரை விடையில்லை. மாதிரி இருந்திருந்தால் விடை இருந்திருக்கும். காட்டிக்கொடுக்காமல் அவரைக் காத்ததாக நாம் எண்ணியிருந்தோம். உண்மையில் அவரைக் காத்திருக்கக்கூடிய ஒரே பொருளை எரித்துவிட்டோம்.

இதனால்தான் முறையீடு என்பதைப் பிறர் வயிற்றில் அடிக்கும் செயலாகக் கருதும் நம்மவர் எண்ணத்தைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகின்றோம். உணவு விதிமுறைகளின்படி, ஆய்வுக்காக எடுக்கப்படும் மாதிரி மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டு முத்திரையிடப்படுகின்றது. ஒரு பங்கு ஆய்வாளருக்குச் செல்லும். ஒரு பங்கு அதிகாரியிடம் இருக்கும். மற்றொரு பங்கு விற்பவரிடமே கொடுக்கப்படும். ஆய்வு முடிவில் ஐயம் இருப்பின் அவரும் எதிர்வாதம் செய்யலாம் என்பதற்காகவே அவ்வேற்பாடு. உண்பவருக்கு மட்டுமின்றி விற்பவருக்கும் சட்டம் ஓர் அரணாக நிற்கின்றது. வதந்திக்கு அத்தகைய மூன்றாம் பங்கு கிடையாது.

உணவுண்டு நோயுற்றால் செய்ய வேண்டியது கடினமன்று. மிஞ்சியதைக் கொட்டாமல், மூடிக் குளிர்ப்பெட்டியில் வைக்கவும். பொட்டலத் தாளையும் இரசீதையும் வைத்துக்கொள்ளவும். எப்பொழுது உண்டது, எப்பொழுது நோய் தொடங்கியது என்று குறித்து வைக்கவும். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவும். உணவு நச்சுத்தன்மை சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாதலால், மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கு அவர் தெரிவிப்பார். மலாய்மொழி எழுத வராதே என்று தயங்குவோர் பள்ளிக்கு வரலாம். மனு எழுதித்தர நாம் இருக்கின்றோம்.

தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை செல்லும் வழியில் நம் தோட்டத்து இளைஞர்களும் பந்தல் அமைத்து அன்னதானம் செய்கின்றனர். தருமமே ஆயினும், முதல் நாளிரவு கிண்டிய புளிச்சோற்றை மறுநாள் நண்பகல் வரை வைத்திருத்தல் தகாது. சிறிது சிறிதாகப் பலமுறை சமைக்குமாறு அவர்களிடம் கூறியுள்ளோம். அடுப்பும் ஆளும் கூடுதலாக வேண்டும் என்று முணுமுணுக்கின்றனர். வேண்டும்தான்.

நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இப்போது நாள்தோறும் சமைக்கும் ஒவ்வோர் உணவிலும் ஒரு கரண்டி எடுத்து, தேதியிட்ட சிறு டப்பாவில் அடைத்துக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் வைக்கின்றோம். மறுநாள் ஒருவருக்கும் நோயில்லை என்று அறிந்த பின்னரே அது வெளியே கொட்டப்படும். தேதி எழுதும் பொறுப்பு ஐந்தாம் ஆண்டு மாணவருடையது. 'பி' யார் போட்டது என்று கேட்ட மாணவனின் தங்கை இவ்வாண்டு அப்பணியைச் செய்கின்றாள். ஒரு நாள் டப்பா ஒன்றில் தேதி விடுபட்டிருந்ததைக் கண்டு, அதை எழுதும் வரையில் மணியடிக்க விடமாட்டேன் என்று சமையற்கட்டின் வாயிலில் நின்றுகொண்டாள்.