மேல்தளம் போடுமுன் சென்ட்ரிங்கைக் கவனிப்போம்



நமது அலுவலகத்துக்கு வந்த உதவி மனுக்களில் ஒன்று சென்ட்ரிங் தொழிலாளி ஒருவருடையது. கான்கிரீட் கொட்டும்போது ஒரு பக்கத்து முட்டுகள் நழுவ, பலகையோடு விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். மூன்று பிள்ளைகள். வாடகை மிச்சமாகுமே என்று இரும்பு ஜாக்கிக்குப் பதில் பழைய சவுக்குக் கட்டைக்குச் சம்மதித்த வீட்டுக்காரரும் நம்மவர்தான். அவரைக் குறை சொல்ல எழுதவில்லை; அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையப் பணியிடத்தில் சாரம் சரிந்து 9 வெளிமாநிலத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது பெரிய வேலை, நம்முடையது சிறியது என்று தோன்றலாம். கணக்குப் பாருங்கள்: 5 அங்குலத் தளம் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 30 கிலோ. 600 சதுர அடிக்கு 18 டன். இறுகும்வரை அந்தப் பாரம் முழுவதும் முட்டுகளின் தலையில்தான்.

சவுக்கு கூடவே கூடாது என்பதில்லை. வளைந்த கட்டை, இரண்டை ஒட்டுப்போட்ட கட்டை, ஆப்பு தளர்ந்த கட்டை, இவைதான் ஆபத்து. ஜாக்கியில் உயரத்தைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் அதன் முளைக்குப் பதில் கம்பித்துண்டைச் செருகியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். எது வைத்தாலும் குறுக்குக்கட்டு அவசியம். அடையாறு பக்கம் மணற்பாங்கான தரை. மழைக்குப் பின் முட்டு புதையும். அடியில் அகலப் பலகை வேண்டும். ஒரே வீட்டுக்கு வாடகைத் தகடு போதும். அலுமினிய மைவான் ஒரே அமைப்பில் பல மாடி எழுப்புவோருக்கே கட்டுப்படியாகும்.

மயிலாப்பூர், தி.நகர் பழைய வீட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். உங்கள் கூரை தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்புமாக அமைந்த மெட்ராஸ் டெரஸாக இருக்கலாம். அதன்மேல் முட்டு நிறுத்தினால் புதுத் தளத்தின் பாரம் அந்த உத்திரத்தில் இறங்கும். முதலில் பொறியாளர் வந்து பார்க்கட்டும். கீழ் வீட்டிலும் நேர்க்கீழே முட்டு வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். மேஸ்திரியின் அனுபவம் பெரிதுதான், இந்தக் கணக்குக்கு அது போதாது.

பிரிப்பதில் அவசரம் வேண்டாம். ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண சிமெண்டுக்கு, 4.5 மீட்டர் வரையிலான தளத்தின் முட்டுகளுக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையிலான உத்திரத்துக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். பி.பி.சி. சிமெண்ட் மெதுவாக இறுகும், ஆகவே இன்னும் சில நாள் தேவைப்படலாம். பால்கனியில் வெளிமுனையிலிருந்து சுவரை நோக்கிப் பிரிக்க வேண்டும். நமது தையல் வகுப்பு மாடியை ரமலானுக்கு முன் திறக்க ஆசைப்பட்டு, ஆறாம் நாளே முட்டை எடுக்கலாமே என்று நம் கமிட்டியிலேயே பேச்சு வந்தது. பொறியாளர் மறுத்தார். வகுப்பு பெருநாளைக்குப் பிறகுதான் தொடங்கியது.

உங்கள் வீட்டில் வேலை செய்பவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்துடன் ஜுமுஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தை நாம் நிரப்பித் தருகிறோம்.