புனேயில் படிக்க வரும் அயல்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளின் வரவும் செலவும்

கிழக்கின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயர் வாங்கிய நம் புனேவுக்கு இலங்கை, மலேசியா, மொரீஷியஸ் என்று பல திசைகளிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். "எங்க அத்தை பையன் யாழ்ப்பாணத்திலேருந்து வர்றான், கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று நம் அன்பர்களில் யாருக்காவது போன் வருவது வழக்கம். அரசுடைமை வங்கி ஒன்றில் அன்னியச் செலாவணிப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், அந்தப் பிள்ளைகளை என்னிடம் அனுப்பி வைப்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

ஃபெர்குசன் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் விடுதிக் காப்பாளராகவும் இருந்தவர் டாக்டர் எஸ்.பி. முஜும்தார். மஞ்சள் காமாலையில் படுத்த ஒரு மொரீஷியஸ் மாணவனுக்கு ஒரு பெண் ஜன்னல் வழியாகச் சாப்பாடு கொடுப்பதை அவர் கண்டார். அயல்நாட்டு மாணவர்களுக்கென 1971-ல் அவர் தொடங்கியதுதான் சிம்பயாசிஸ். ஊர் பேர் தெரியாத இடத்தில் காய்ச்சல் வந்தால் கஞ்சிக்கு யார் என்ற கேள்வி இன்றும் உண்டு. அதற்கும் பணத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் வங்கிக் கணக்கு. அயல்நாட்டு மாணவருக்கு என்.ஆர்.ஓ. கணக்குத்தான் திறக்க முடியும். விசாவுடன் பாஸ்போர்ட்டும், கல்லூரி கொடுத்த சேர்க்கைக் கடிதமும் போதும். ஆனால் 30 நாளுக்குள் உள்ளூர் முகவரியைக் கொடுத்து, வங்கி அதைச் சரிபார்க்க வேண்டும். அதுவரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் வரவு வைக்க முடியாது; கணக்குக்கு மொத்தத்தில் 50,000 ரூபாய் வரம்பும் உண்டு. இங்கேதான் சிக்கல். ஹாஸ்டல் கிடைத்தால் கடிதம் சுலபம். வெளியில் அறை என்றால் 11 மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம் போடணும், மகாராஷ்டிரத்தில் அதைப் பதிவு செய்வது கட்டாயம். வீட்டுக்காரர் இரண்டு மூன்று மாத டெபாசிட் கேட்பார், தரகர் ஒரு மாத வாடகை கேட்பார். பெரும் பணம் தேவைப்படும் அதே மாதத்தில்தான் கணக்கின் கை கட்டப்பட்டிருக்கிறது! ஆகவே முதல் மாதச் செலவைக் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள். நோட்டாக 5,000 டாலரைத் தாண்டினால் விமான நிலையத்திலேயே சுங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவானால் வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. பதிவும் இருக்கிறது. அதற்கும் முகவரிச் சான்று கேட்பார்கள்.

வளைகுடாவிலிருந்து வரும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தியக் குடிமக்கள். அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, ஊரிலிருந்து பணம் வரும் வழி. வங்கி மூலம் அனுப்பினால், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் கட்டணத்தில் ஒரு பகுதி மாறாது. இடையில் வரும் வங்கியும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மாதம் 200 டாலராக மூன்று முறை வாங்குவதைவிட 600 டாலராக ஒரே முறை வாங்குவது லாபம். ஊர் ஏ.டி.எம். கார்டை இங்கே தேய்ப்பதும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் கட்டணம்.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. இங்கே மாதம் 15,000 ரூபாயில் வாழ்ந்த பையனுக்காக அப்பா அனுப்ப வேண்டியது ஏறக்குறைய 40,000 இலங்கை ரூபாயிலிருந்து 70,000-க்குப் போனது. சம்பளம் ஏறவில்லை, வங்கிகளிலோ டாலரே தட்டுப்பாடு. 2021 ஆகஸ்டில் காபூலில் வங்கிகள் அடைத்தபோது புனேயிலிருந்த ஆப்கான் மாணவர்கள் பட்ட பாடும் இதுவே. அதனால் மூன்று மாதச் செலவு எப்போதும் இந்திய ரூபாயாக இங்கே கிடக்கட்டும் என்பேன். மாணவர் விசாவில் வேலைக்குப் போய்ச் சமாளிக்கவும் வழியில்லை.

தினசரிச் செலவில் நம் பிள்ளைகளுக்கு ஓட்டை விழுவது சாப்பாட்டில். மெஸ்ஸுக்கு மாதப் பணம் முன்னதாகக் கட்டியிருப்பான். சப்பாத்தியும் பாஜியும் பத்து நாளில் அலுத்து, சோறு தேடி ராஸ்தா பேட்டைக்கு ஆட்டோவில் போவான். ஞாயிறு இரவு பல மெஸ்கள் மூடியிருக்கும். ஒரே வேளைக்கு இரண்டு செலவு! முழு மாத மெஸ்ஸுக்குப் பதில் ஒரு வேளை டப்பா, அறையில் சின்னதாக ஒரு ரைஸ் குக்கர் என்று வைத்துக்கொண்டவர்கள் மிச்சம் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால் கஞ்சியும் அதிலேயே ஆகிவிடும்.

படிப்பு முடிந்து கிளம்பும்போது, ஒப்பந்தத்தில் சொன்னபடி ஒரு மாதம் முன்னதாக வீட்டுக்காரரிடம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். டெபாசிட் கைக்கு வரும்வரை வங்கிக் கணக்கை மூடக் கூடாது. விமானம் ஏறியபின், "அங்கிள், நீங்க வாங்கி அனுப்புங்க" என்றால் அது நம் தலையில்தான் விழும்.