கால் வீக்கமும் மருந்துப் பையும்

எழுபது வயதைக் கடந்த ஒருவர் மருந்துப் பையுடன் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருகிறார். பையை மேசையில் கவிழ்த்தால் பதினோரு மாத்திரை அட்டைகள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரியவற்றை உடன் வந்த மகள் அடையாளம் காட்டுகிறார். மற்றவை எதற்கென்று கேட்டால், "டாக்டர் எழுதிக் கொடுத்தார்" என்பதே விடை. நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது.

இத்தகைய பைகளில் மீண்டும் மீண்டும் தென்படும் ஒரு வரிசையை மட்டும் இங்கே விளக்குகிறோம்.

தொடக்கம் அம்லோடிபின். இரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்து. நாங்களும் நாள்தோறும் எழுதுவது. அது சிறு தமனிகளை விரிக்கும்போது நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து சிலருக்குக் கணுக்காலில் தேங்குகிறது. உடலில் உப்பும் நீரும் மிகுந்ததால் வந்த வீக்கம் அன்று இது. ஆகவே சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையால் பெரும்பாலும் வடிவதில்லை. ஆயினும் வீங்கிய காலைக் கண்டவுடன் ஃபுரோசமைடு எழுதப்படுகிறது. அது யூரிக் அமிலத்தை உயர்த்தவல்லது. சில மாதங்களில் ஒருநாள் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வலிக்கிறது. வலிக்கு டைக்ளோஃபெனாக்; அதனால் வயிறு புண்ணாகாதிருக்கப் பான்டோபிரசோல். டைக்ளோஃபெனாக்கோ உப்பைத் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. ஃபுரோசமைடுடன் சேரும்போது சிறுநீரகத்துக்கும் இடர். அழுத்தம் ஏறிவிட்டதே என்று 5 மில்லிகிராம் அம்லோடிபின் 10 ஆகிறது. கால் முன்னிலும் வீங்குகிறது.

1997இல் பவுலா ரோச்சன், ஜெர்ரி கர்விட்ஸ் ஆகிய மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்நிலையை விளக்கி எழுதினர். மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயென்று கருதி மற்றொரு மருந்து தருவதே இதன் வேர்.

இதில் எங்கள் தொழிலுக்குரிய பங்கை மறைப்பது முறையன்று. நெரிசல் மிகுந்த நாளில் ஒரு மாத்திரையைச் சேர்க்க அரை நிமிடம் போதும். ஒன்றை நிறுத்தலாமா என்று ஆராயப் பதினைந்து நிமிடம் வேண்டும். வேறொரு மருத்துவர் தொடங்கியதை நிறுத்தவும் தயங்குகிறோம். மருந்தெழுதாமல் அனுப்பினால் நோயாளி மனம் வாடுவாரே என்ற எண்ணமும் உண்டு. (வாடுபவர் உண்டு என்பதும் உண்மையே.)

மேற்சொன்ன வரிசையை அவிழ்ப்பது அரிதன்று. பெரும்பாலும் அம்லோடிபின் அளவைக் குறைத்தோ மாற்று மருந்து தந்தோ பார்த்தால் வீக்கம் வடியும். பின்னர் மற்றவற்றின் தேவையை ஒவ்வொன்றாக ஆராயலாம். ஆனால் எல்லாக் கால் வீக்கமும் மாத்திரையால் வருவதன்று. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நோய்களிலும் கால் வீங்கும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்த வேண்டா. ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, மெட்டோபுரோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவதும், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரெல்லை விடுவதும் உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதற்கும் மருத்துவரின் மேற்பார்வை தேவை.

உறவினர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. புதிய தொல்லை எதுவாயினும், அதற்கு முந்தைய சில வாரங்களில் எந்த மாத்திரை தொடங்கியது, எதன் அளவு கூடியது என்று குறித்து வைத்து, "இது அந்த மாத்திரையால் இருக்குமா?" என்று கேளுங்கள். அக்கேள்வியை நாங்கள் குறையாகக் கொள்வதில்லை.

அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் கொண்டுவாருங்கள்; கடையில் தாமாக வாங்கிய வலி மாத்திரை, சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட. பெயர்ப் பட்டியலைவிட அட்டைகளே எங்களுக்குப் பயன்படும். ஒரே பான்டோபிரசோல் இரு வணிகப் பெயர்களில் பையில் இருப்பது, அட்டையின் பின்புறச் சிறிய எழுத்தைப் படித்தால்தான் தெரியவரும்.