கட்டியை எடுத்தாச்சு, ரிப்போர்ட் எங்கே?

மார்பில் கட்டி என்று திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போய் ஆபரேஷன் முடித்து ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் திரும்பும் பெண்கள் பலரிடம் டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கும். பயாப்சி ரிப்போர்ட் இருக்காது. அது வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தையல் பிரிக்கப் போகும்போதுகூட யாரும் கேட்பதில்லை. "அதான் எடுத்தாச்சே" என்கிறது வீடு. எடுத்ததில் என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் மேற்கொண்டு கீமோவா, கரண்டா (கதிர்வீச்சு), மாத்திரையா என்று முடிவாகிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி பிறந்த புதுக்கோட்டைப் பக்கத்திலேயே இந்த அலட்சியம்.

அக்குளில் எடுத்த நிணநீர்க் கணுக்கள் எத்தனை, அவற்றில் நோய் பரவியவை எத்தனை? ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டியது இந்த இரண்டு எண்களை. ஒன்றிலும் இல்லை, 1 முதல் 3 வரை, 4 முதல் 9 வரை, 10-ம் அதற்கு மேலும் என்று ஏற ஏற நோய் திரும்பும் அபாயமும் ஏறும். அக்குள் கணுக்களை முழுதாக எடுத்ததாகச் சொல்லிவிட்டு மூன்றே மூன்றை எண்ணியிருந்தால் 'பரவவில்லை' என்பதை அப்படியே நம்பாதீர்கள். பொதுவாகக் குறைந்தது பத்து இருக்க வேண்டும். (சாயம் ஏற்றி முதல் கணுவை மட்டும் தேடி எடுக்கும் முறை வேறு, அதில் ஒன்றிரண்டே போதும்.) அடுத்து ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்). ஈஆர் பாசிட்டிவ் என்றால் குறைந்தது ஐந்தாண்டு தினமும் மாத்திரை; விலை அதிகமில்லாத மாத்திரைதான், பரிசோதிக்காததால் அதை இழப்பது கொடுமை. ஹெர்-2 எதிரே '2+' என்றிருந்தால் அது முடிவே அல்ல, 'ஃபிஷ்' பரிசோதனை பாக்கி இருக்கிறது. படிக்கத் தெரியாதவளிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்தால் பயந்துபோவாள் என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். அவள் படிப்பதற்கா கேட்கிறோம்? அடுத்து பார்க்கப்போகும் டாக்டருக்கு அது இல்லாமல் வேலை ஓடாது.

ரிப்போர்ட் கேட்க வாய்ப்பேச்சு வேண்டாம், மருத்துவமனையில் எழுதிக் கொடுங்கள். பெயர், உள்நோயாளி எண், ஆபரேஷன் தேதி, பயாப்சி எண் போட்டு இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையுடன் ஒப்புகை. கேட்ட 72 மணி நேரத்தில் ஆவணம் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறை விதி. அதே விதி உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்கத்தான் சொல்கிறது, ஆகவே ஆறப்போடாதீர்கள். அரசு மருத்துவமனை இழுத்தடித்தால் அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் மறுத்தால் நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார். உங்கள் மாவட்டத்தவரிடம் அல்ல, மருத்துவமனை இருக்கும் மாவட்டத்தவரிடம். டாக்டர் மீதான புகார் சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. மேல்சிகிச்சைக்குப் பணமில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள், சந்தேகத்துக்கு 1800 425 3993. ரிப்போர்ட்டோடு மெழுகில் பதித்த திசுவையும், 'பிளாக்' என்பார்கள், கேட்டு வாங்குங்கள். விடுபட்ட பரிசோதனையை வேறு லேபில் செய்ய அது வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், ரிப்போர்ட் மட்டும் போதாது, பிளாக்கும் வேண்டும். அதில் எழுதிய எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கவுன்ட்டரிலேயே பார்த்துவிட்டு நகருங்கள்.